நூல் கட்டி எய்தால் அம்பு வாலாட்டுகிறது: தண்டை மாற்றுவதா?

கரைநாணல்:
வணக்கம். வில் மீன்பிடிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. 40 பவுண்டு இழுவிசையுள்ள ரீகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்), நூல் சேரும் புட்டி ரீல், 5/16 அங்குலத் தடிமனில் 32 அங்குல நீளமுள்ள ஃபைபர் கிளாஸ் அம்பு. சிறகு கிடையாது.

இரண்டு மாதமாக ஒரே தொல்லை. அம்பு வில்லை விட்டுப் போனதுமே வால் இடமும் வலமுமாக ஆடுகிறது. ஐந்து மீட்டருக்குள் பெரிய கெண்டையின் மேலேயே பட்டும் ஏறாமல் வழுக்கிப் போகிறது. போன வாரம் மட்டும் இப்படி மூன்று மீன் போயிற்று. காயத்தோடு போயிருக்கும் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை.

தண்டுதான் கோளாறு என்று நினைக்கிறேன். எடை குறைந்த கார்பன் தண்டு வாங்கி, பின்னால் சிறகு ஒட்டினால் நேராகப் போகுமா? எந்தத் தண்டு வாங்குவது, எப்படி செட் பண்ணுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழையதோணி:
தம்பி, வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நீங்கள் வைத்திருக்கும் தண்டு இந்த வேலைக்கென்றே செய்தது. கெட்டியான ஃபைபர் கிளாஸ் என்பதால் முனையோடு சேர்த்து 1400 கிரெயினைச் சுற்றி வரும், அதாவது 90 கிராம். தரையில் வேட்டைக்கு எய்கிற அம்பு பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான். இந்தக் கனம் வேண்டுமென்றே வைத்தது. தண்ணீருக்குள் அம்பை நிறுத்தப் பார்க்கும் தடை, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. அதனால் இலேசான அம்பு காற்றில் சம்பாதித்த வேகத்தைத் தண்ணீரின் முதல் முழத்திலேயே கொடுத்துவிடும். கனமானது தள்ளிக்கொண்டு போகும்.

சிறகு ஒட்டினால் காற்றில் நேராகத்தான் போகும். தண்ணீரைத் தொட்டதும் அதே சிறகு பிடித்து இழுக்கும், திசையையும் கொஞ்சம் மாற்றும். நாம் எய்வது ஐந்தாறு மீட்டருக்குள். அந்தத் தூரத்துக்குச் சிறகு செய்ய வேண்டிய வேலையைப் பின்னால் வரும் நூலே செய்துவிடும்.

மூன்று கேள்வி. நூல் இல்லாமல் எய்தாலும் ஆடுகிறதா? ஸ்லைடு (நூலைக் கட்டும், தண்டின் மேல் வழுக்கி ஓடும் வளையம்) போட்டிருக்கிறீர்களா, நாண் இழுத்து நிற்கும்போது அது தண்டில் எந்த இடத்தில் இருக்கிறது? நாக் (அம்பின் வாலில் நாணை மாட்டும் பிளவுத் துண்டு) நாணில் எப்படி உட்காருகிறது, இறுக்கமா தொளதொளப்பா?

விசைவில்:
பழையதோணி அண்ணா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் கார்பனை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். நான் மூன்று வருடமாக வெளியே ஃபைபர் கிளாஸ், உள்ளே கார்பன் என்று வரும் கலப்புத் தண்டு பயன்படுத்துகிறேன். முழு ஃபைபர் கிளாஸைவிட விறைப்பு அதிகம், நாண் விட்டதும் வளைந்து நெளிவது சீக்கிரம் அடங்குகிறது. 50 பவுண்டு காம்பவுண்ட் (கப்பி வைத்த) வில்லில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. வேகமும் கூடுதல். மீன் நிழலைப் பார்த்து விலகுகிற நேரத்துக்குள் அம்பு போய்ச் சேர வேண்டாமா?

பழையதோணி:
விறைப்பைப் பற்றிச் சொன்னது சரி. பெரிய மீன், கனமான வில் என்றால் கலப்புத் தண்டு நல்ல தேர்வுதான். வேகக் கணக்கை மட்டும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். கனத்த அம்பு நொடிக்கு 31 மீட்டர், இலேசானது 38 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மீட்டர் தூரத்துக்கு முதலாவது 0.19 நொடி எடுக்கும், இரண்டாவது 0.16. நூறில் மூன்று பங்கு நொடிதான் மிச்சம். நம் நிழல் விழாத பக்கம் நின்று எய்தால் இதைவிட அதிகம் கிடைக்கும்.

இன்னொன்று. இவருடைய வில் 40 பவுண்டு. அதற்கு இந்தத் தண்டு விறைப்பில் குறைந்தது அல்ல. எட்டு மாதத்தில் ஆறு மாதம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த அம்பு கடைசி இரண்டு மாதம் ஆடுகிறது என்றால் இடையில் ஏதோ மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் தண்டை மாற்றினால் புதுத் தண்டும் ஆடும்.

கரைநாணல்:
பதில் சொன்ன இருவருக்கும் நன்றி. இன்று காலை மண்மேட்டில் எய்து பார்த்தேன். முனையில் மீனைப் பிடித்துக்கொள்ளும் எதிர்முள்ளை டேப்பால் சுற்றிக் கட்டிவிட்டு, நூலைக் கழற்றிவிட்டு எய்தேன். ஆறு முறையும் நேராகப் போய்க் குத்தி நின்றது. அதே அம்பில் நூலைக் கட்டி எய்தால் நான்கில் மூன்று முறை வாலாட்டம்.

ஸ்லைடு இருக்கிறது. முதலில் முன்பக்கம் வைத்துத்தான் எய்தேன். இரண்டு மாதத்துக்கு முன் திடீரென்று அம்பு பாதியில் தலை சாய்ந்து விழ ஆரம்பித்தது. அதனால் ஸ்லைடைப் பின்னால் தள்ளி, நாக்கிற்குப் பக்கத்தில் உள்ள தடுப்பில் ஒட்ட வைத்து எய்கிறேன். அப்படியானால் விழுவதில்லை, ஆடுகிறது மட்டும்தான். நாக் கொஞ்சம் தொளதொளப்பு. குனிந்து எய்யும்போது விரலால் பிடித்துக்கொள்வேன்.

செந்நாரை:
தயவு செஞ்சு அந்த மாதிரி இன்னொரு அம்பு எய்யாதீங்க. செட்டிங் எல்லாம் அப்புறம் பேசிக்கலாம், முதல்ல இதைப் படிங்க.

ஸ்லைடு பின்னால இருந்தா என்ன நடக்குதுன்னு யோசிங்க. ரீல் வில்லுக்கு முன்னால இருக்கு. நூல் அங்கிருந்து ரெஸ்டை (வில்லுல அம்பு உக்கார்ற தாங்கி) தாண்டி, உங்க முகத்துக்குப் பக்கம் நாக் வரைக்கும் வருது. அம்பு கிளம்பினதும் அந்த நூல் முழுக்க வளையமா மடிஞ்சு நாணுக்கும் ரெஸ்டுக்கும் நடுவுல கிடக்கும். அது நாணையோ, விரல் உறையையோ, ரெஸ்ட் ஆணியையோ ஒரு சுத்து சுத்திட்டா அம்பு முன்னால போக முடியாது. மீன்பிடி நூல் 200 பவுண்டு தாங்கும், அறுந்து போய் நம்மளைக் காப்பாத்தாது. ரப்பர் மாதிரி இழுபட்டு அம்பு நம்ம பக்கமே திரும்பும்.

எனக்கு இது நடந்திருக்கு. ஆரம்பத்துல ஸ்லைடே இல்லாம, வால்ல இருக்குற ஓட்டையில நூலைக் கட்டி எய்துட்டு இருந்தேன். ஒரு சாயங்காலம் நூல் நாணைச் சுத்திக்கிச்சு. அம்போட வால் கன்னத்துல அடிச்சு கண்ணுக்குக் கீழ மூணு தையல். ஒரு விரல் அகலம் மேல பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். அன்னையிலிருந்து பாதுகாப்புக் கண்ணாடி போடாம வில்லைத் தொடறதில்ல.

ஸ்லைடைக் கண்டுபிடிச்சதே இதுக்காகத்தான். முழுசா இழுத்து நிக்கும்போதும் அது ரெஸ்டுக்கு முன்னால, வில்லுக்கு அந்தப் பக்கம் இருக்கணும். அம்பு கிளம்பினா தண்டு ஸ்லைடுக்குள்ள வழுக்கி ஓடும், கடைசியில வால் தடுப்பு வந்து ஸ்லைடைப் பிடிச்சு நூலை இழுத்துட்டுப் போகும். அதுக்குள்ள வால் நாணை விட்டு வெளிய போயிருக்கும். நூல் நாண் பக்கமே வராது.

ரெண்டாவது, தொளதொள நாக். நாம எப்பவும் கீழ் நோக்கித்தான் எய்யறோம். கனத்த அம்பு, தொளதொள நாக், சரிவு. இழுத்து நிக்கும்போது நாக் நாணை விட்டு ஒரு அரை அங்குலம் நழுவினாப் போதும், நீங்க விடறது வெறும் நாண். வில்லே உடையலாம். நாக்கை மாத்துங்க, அது சின்ன வேலை.

கரைநாணல்:
படித்ததும் உண்மையில் உடம்பு நடுங்கிவிட்டது. நூல் கட்டி எய்வதை நிறுத்திவிட்டேன். ஆனால் ஸ்லைடை முன்னால் வைத்தால் அம்பு தலை சாய்ந்து விழுகிறதே, அதற்கு என்ன செய்வது?

பழையதோணி:
செந்நாரை சொன்னதற்கு மேல் பாதுகாப்பில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு புதியவரும் முதலில் படிக்க வேண்டியது அது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நூலை அம்போடு சேர்ந்த ஓர் உறுப்பாக நினையுங்கள். அம்பின் எடை மையத்துக்குப் பின்னால் இருந்து எது இழுத்தாலும் அது அம்பை நேராக்கும். காற்றாடிக்கு வால் கட்டுகிறோமே, அதே கதை. எடை மையத்திலோ அதற்கு முன்னாலோ இழுத்தால் அம்பு திரும்பிக்கொள்ளும். விரல் மேல் தண்டை நிறுத்திப் பாருங்கள்; நாக்கிலிருந்து 19 அங்குலத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக எங்கோ சமநிலை கிடைக்கும். பாதியான 16-ஐத் தாண்டி 3 அங்குலம், அதாவது நீளத்தில் 9 சதவீதம் முன்னால். இது போதுமான முன்பாரம். ஸ்லைடு வால் வரை தடையில்லாமல் ஓடிப் போனால் நூல் அந்த மையத்துக்கு 18 அங்குலம் பின்னாலிருந்து இழுக்கும், அம்பு கோடு போட்ட மாதிரி போகும். ஸ்லைடு நடுவழியில் சிக்கிக்கொண்டால் நூல் மையத்துக்குப் பக்கத்தில் பிடித்து இழுக்கும். தலை சாய்ந்து விழுந்தது என்று சொன்னீர்களே, அது இதேதான். ஸ்லைடைப் பின்னால் வைத்தபோது ஆடியது, கிளம்பும் நேரத்தில் நூல் நாணிலும் ரெஸ்டிலும் உரசியதால்.

ஆகவே உங்கள் தண்டில் ஸ்லைடு எங்கோ சிக்குகிறது. அதைத் தேடுங்கள். முனையை மேலே பிடித்து, ஸ்லைடை முனைப்பக்கத்திலிருந்து விடுங்கள். தன் எடையிலேயே வால் தடுப்பு வரை விழ வேண்டும். தண்டைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி நான்கு பக்கமும் விட்டுப் பாருங்கள். நூல் முடிச்சு பெரிதாக இருந்து தண்டில் உரசுகிறதா, ஸ்லைடின் துளைக்குள் காய்ந்த சேறு இருக்கிறதா, தண்டில் கீறல் நார் எழும்பியிருக்கிறதா, எல்லாம் பாருங்கள். நார் எழும்பிய இடத்தை வெறும் கையால் தடவாதீர்கள், ஃபைபர் கிளாஸ் சிம்பு தோலுக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு. கையுறை போட்டு, மிக நைசான உப்புத்தாளை ஈரம் செய்து இழையுங்கள். தூளை மூச்சில் இழுக்காதீர்கள்.

ஸ்லைடு சரியான பிறகு நாக். நாணில் மாட்டும்போது மெல்ல ஒரு 'டிக்' கேட்க வேண்டும். அம்பை நாணில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். இந்தக் கனத்துக்குத் தானாக விழக் கூடாது, நாணை விரலால் ஓங்கித் தட்டினால் கழன்றுகொள்ள வேண்டும். அதைவிட இறுக்கமானால் அதுவே வாலாட்டத்துக்குக் காரணமாகும். புது நாக்கை ஒட்டும்போது அதன் பள்ளம் நேராக இருக்கிறதா என்று தண்டைச் சமதளக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். தண்டு வளைந்திருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

நாணில் நாக் நிற்கும் இடத்துக்கு மேலும் கீழும் இரண்டு பக்கமும் முடிச்சு போடுங்கள். ஒரு முடிச்சு போதும் என்பது இலக்குப் பலகைக்கு எய்கிறவர்களுக்குச் சரி. நாம் குனிந்து, முறுகி, படகு ஆடும்போது எய்கிறோம். கீழ் முடிச்சு இல்லாவிட்டால் நாக் நாணில் கீழே இறங்கிவிடும். ரெஸ்டுக்கு நேர் மட்டத்திலிருந்து அரை அங்குலம் வரை மேலே வைத்து ஆரம்பியுங்கள், பிறகு பார்த்துக் குறைக்கலாம்.

விசைவில்:
இதற்குக் காகிதச் சோதனை (காகிதத்தின் வழியே எய்து கிழிசலைப் பார்ப்பது) செய்யலாமா? இலக்கு வில்லில் அதைத்தான் செய்வேன், மீன் அம்புக்கு முயன்றதில்லை.

ஒற்றைநாண்:
செய்யலாம், நூல் இல்லாமல். சட்டத்தில் காகிதம் கட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று எய்ய வேண்டும். பின்னால் ஈர மண்மேடு இருக்கட்டும். எதிர்முள் முனையோடு ஃபோம் இலக்கில் எய்தால் அம்பைத் திரும்ப எடுக்க முடியாது, இலக்கை வெட்டத்தான் வேண்டியிருக்கும். முள்ளைக் கட்டிவிட்டு எய்யுங்கள். முனையை மாற்றாதீர்கள், எடை மாறினால் சோதனையே வேறாகிவிடும்.

வால் மேலே கிழித்தால் நாணில் நாக் இடம் உயரமாக இருக்கிறது, இறக்குங்கள். கீழே கிழித்தால் ஏற்றுங்கள். வலது கைக்காரர் விரலால் நாண் விடும்போது வால் இடப்பக்கம் கிழித்தால் தண்டு வில்லுக்கு இளகியது, வலப்பக்கம் கிழித்தால் விறைப்பு மிகுந்தது. சின்னக் கிழிசல்களை விட்டுவிடுங்கள். மேல் கீழ் கிழிசலைத் தவறாமல் சரி செய்யுங்கள், இடம் வலம் அரை அங்குலத்துக்குள் இருந்தால் ஐந்து மீட்டரில் அது ஒரு பொருட்டல்ல.

ஒரு தவறு பலரும் செய்வது: விறைப்பைக் கூட்ட மீன் அம்பைக் குட்டையாக வெட்டுவது. சாதாரண அம்பில் அது வழக்கமான முறை. இங்கே 32 அங்குலம் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. முழு இழுப்பில் வில்லுக்கு வெளியே ஸ்லைடு நிற்க இடம் வேண்டும். வெட்டிவிட்டால் முனைக்கும் ரெஸ்டுக்கும் நடுவில் ஸ்லைடு நசுங்கும், அல்லது உள்ளே வந்துவிடும். தண்டு இளகியதாகத் தோன்றினால் முனை எடையைக் குறையுங்கள், இல்லையென்றால் வில்லின் பவுண்டைக் குறையுங்கள். முழங்கால் ஆழத் தண்ணீருக்கு 35, 40 பவுண்டு தாராளம். அதற்கு மேல் போனால் அம்பு மீனைத் தாண்டிச் சேற்றில் ஆழமாகப் புதையும், பிடுங்குவதற்குள் தண்ணீர் கலங்கிவிடும்.

ஆம்பல்குளம்:
அம்பு நேராகப் போக ஆரம்பித்த பிறகும் தவறும், அப்போது மறுபடி அம்பைத் திருகாதீர்கள் என்று சொல்லவே எழுதுகிறேன். நான் ஒரு பருவம் முழுக்க ரெஸ்டை ஏற்றி இறக்கிக் கெடுத்தேன். தப்பு என் கண்ணில் இருந்தது.

தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. நேர் மேலிருந்து பார்த்தால் மீன் உண்மை ஆழத்தில் முக்கால் பங்கில் இருப்பதாகத் தோன்றும். சாய்ந்து பார்க்கப் பார்க்க இன்னும் மேலே தெரியும். ஒளி வளைகிறது, அம்பு வளைவதில்லை. அதனால் எப்போதும் தெரியும் மீனுக்குக் கீழே குறி வைக்க வேண்டும். வில் மீன்பிடிக்காரர்கள் சொல்லும் 'பத்துக்கு நாலு' கணக்கு தொடக்கத்துக்கு உதவும்: மீன் 10 அடி தூரத்தில், 1 அடி ஆழத்தில் இருந்தால் 4 அங்குலம் கீழே. தூரம் இரட்டித்தால் 8, ஆழம் இரட்டித்தாலும் 8. நிற்கிற உயரத்தைப் பொறுத்து இது மாறும். கரையில் தண்ணீர் மட்டத்துக்கு அருகே நின்றால் இன்னும் கீழே வைக்க வேண்டும், படகின் உயர்ந்த மேடையிலிருந்து என்றால் குறைவாக.

மணல் நிரப்பிய பிளாஸ்டிக் புட்டியை அரையடி, ஓரடி, இரண்டடி ஆழத்தில் போட்டு எய்து பழகுங்கள். ஒரே இடத்தில் எப்போதும் மேலே தவறினால் அது குறி. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பக்கம் தவறினால் அது அம்பு. இந்த ஒரு வேறுபாட்டை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மிகத் தாழ்வான கோணத்தில், தூரத்து மீனுக்கு எய்யாதீர்கள். அம்பு தண்ணீரில் பட்டுத் தெறித்து மேலே கிளம்பும். எதிர்க்கரையில் ஆள் இருந்தால் விபரீதம்.

செந்நாரை:
ஏறாம வழுக்கின மூணு மீனைப் பத்தி. வாலாடற அம்பு குறுக்கு வாட்டுல தண்ணிக்குள்ள நுழையுது, விசையெல்லாம் தண்ணியைத் தள்ளறதுலயே போயிடும். அதனால பாதி காரணம் அது. மீதியை முனையில பாருங்க. கல்லுல பட்டு மழுங்கியிருந்தா பெரிய கெண்டையோட செதில்ல நிக்காது. சின்ன அரத்தால மூணு பக்கமும் ஒரே அளவா தீட்டுங்க, ஒரு பக்கம் மட்டும் தீட்டினா தண்ணிக்குள்ள அந்தப் பக்கமா இழுக்கும்.

எதிர்முள் தளர்வா மடங்கி விரியணும். மீனைத் துளைச்சு அந்தப் பக்கம் போனாத்தான் முள் விரிஞ்சு பிடிக்கும், உள்ளயே நின்னா மீன் திமிறும்போது உருவிக்கும். மீனைக் கழட்ட முனையை ரெண்டு மூணு திருகு தளர்த்தினா முள் எதிர்ப்பக்கம் மடங்கும், அம்பை வந்த வழியே இழுத்துடலாம். திரும்ப எய்யறதுக்கு முன்ன முனையை இறுக்கணும். இதை மறந்துதான் நிறைய பேர் நல்ல மீனை விடறாங்க.

இது பிடிச்சுத் திரும்ப விடற மீன்பிடி இல்ல. எய்தா எய்ததுதான். எந்த மீன்னு உறுதியாத் தெரியாம, அந்தத் தண்ணியில அந்த மீனை வில்லால எடுக்க அனுமதி இருக்கான்னு தெரியாம நாணை விடக் கூடாது. உங்களுக்கு மனசு கேக்கலைன்னு எழுதினீங்களே, அதனாலதான் இவ்வளவு எழுதறேன்.

விசைவில்:
கலப்புத் தண்டு, கார்பன் தண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு முறை கல்லில் பட்ட பிறகும் இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக வளைத்துக் காது கொடுங்கள். 'கிரக்' என்று சத்தம் வந்தால் அந்தத் தண்டை உடனே ஒதுக்கிவிடுங்கள். விரிசல் விட்ட தண்டு நாண் விடும் நொடியில் சிதறி வில் பிடித்த கைக்குள் ஏறும். தடுப்புத் திருகு போகும் துளையைச் சுற்றித்தான் விரிசல் முதலில் வரும், ஃபைபர் கிளாஸிலும் அப்படியே. வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்து வெளுத்து, தொட்டால் மாவு போல் வரும் தண்டும் வேண்டாம்.

அண்ணா போட்ட வேகக் கணக்கைப் பிறகு யோசித்தேன். நூறில் மூன்று பங்கு நொடிக்காக 40 பவுண்டு வில்லுக்குத் தண்டு மாற்றத் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கரைநாணல்:
கண்டுபிடித்துவிட்டேன். ஸ்லைடை மேலிருந்து விட்டதும் சரியாக நடுத்தண்டில் நின்றது. இரண்டு மாதத்துக்கு முன் கலங்கல் தண்ணீரில் அம்பு கண்ணில் படட்டும் என்று தண்டின் நடுவில் ஆரஞ்சு நிற டேப் ஒரு சுற்று ஒட்டியிருந்தேன். அதன் ஓரம் நனைந்து எழும்பி, ஸ்லைடின் துளையில் கடித்துக்கொண்டிருக்கிறது. நான் அதைப் பார்க்காமல் ஸ்லைடைப் பின்னால் தள்ளி, இன்னும் பெரிய ஆபத்தை நானே உண்டாக்கியிருக்கிறேன்.

டேப்பை உரித்து, பசையை எண்ணெய்த் துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவினேன். ஸ்லைடு இப்போது நான்கு பக்கமும் தடையில்லாமல் விழுகிறது. நாக் மாற்றியாயிற்று, தலைகீழாகப் பிடித்தால் விழவில்லை. காகிதத்தில் வால் முக்கால் அங்குலம் மேலே கிழித்தது. நாக் முடிச்சை இரண்டு முறை இறக்கியதும் கிட்டத்தட்ட ஒற்றைத் துளை. சமநிலைப் புள்ளி நாக்கிலிருந்து 18¾ அங்குலம்.

பிறகு ஸ்லைடை முன்னால் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, நூலோடு மண்மேட்டில் பத்து அம்பு. பத்தும் ஆடாமல் போயின. சாயங்காலம் மணல் புட்டியை ஓரடி ஆழத்தில் போட்டு எய்தேன். முதல் ஐந்தும் புட்டிக்கு மேலேயே போயின, எல்லாம் ஒரே இடத்தில். ஆம்பல்குளம் சொன்னது நினைவு வந்து, அம்பைத் தொடாமல் குறியை ஒரு சாண் இறக்கினேன். ஏழாவதில் துளைத்தது.

அம்பு கண்ணில் படுவதற்கு டேப்புக்குப் பதில் என்ன செய்கிறீர்கள்?

பழையதோணி:
நிறமுள்ள நாக் போடுங்கள், பளிச்சென்ற நிற நூலும் கிடைக்கிறது. தண்டின் மேல் ஸ்லைடு ஓடும் பாதையில் எதையும் ஒட்டாதீர்கள். இரண்டு மாதம் ரெஸ்டில் உரசிய நூல் அது. முனையிலிருந்து மூன்று மீட்டரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முடிச்சு போடுங்கள். போட்ட முடிச்சு ஸ்லைடின் துளைக்குள் வராமல் வெளியே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மீனுக்குப் போங்கள்.